இருபத்திரண்டு நிமிஷத்துக்காரர்

திருப்பூரில் இசக்கிமுத்து என்று பெயர் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'இருபத்திரண்டு நிமிஷம்' என்று கேட்டுப் பாருங்கள். வீரபாண்டியிலிருந்து பெருமாநல்லூர் வரைக்கும் பத்துக் கம்பெனி வாட்ச்மேன்களாவது கையைத் தூக்கிக் காட்டுவார்கள். "அந்த டெலிவரிக்காரருங்களா? இப்பத்தானுங்க போனாரு" என்பார்கள். எந்த நேரத்தில் கேட்டாலும் அவர் இப்போதுதான் போயிருப்பார்.

ஊர் நாங்குநேரிப் பக்கம். பதினெட்டு வயதில் பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து இறங்கியவர். முதலில் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் ஊசி விரலுக்குள் போய் வந்தது. செக்கிங்கில் போட்டார்கள், ஓட்டை, கறை, நூல் விட்டது எல்லாவற்றையும் நல்ல மனதோடு பாஸ் பண்ணி அனுப்பினார். அயர்ன் டேபிளில் ஒரு வாரம் நின்றார், அது கம்பெனிக்கு ஒரு வாரச் சோதனை. இவரை எங்கே வைப்பது என்று முதலாளி திருமூர்த்தி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது டெலிவரி வண்டிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பிரின்டிங்குக்குப் போகவேண்டிய துணி மூட்டை வாசலிலேயே கிடந்தது.

"ஏப்பா இசக்கி, வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க."

அதுவரை அவர் ஓட்டியது மாமாவின் மொபெட் ஒன்றுதான். ஆனால் போட்டு வைத்த டீ ஆறுவதற்குள் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக வண்டிதான்.

ஒரு டீ-சர்ட் முழு உருவம் எடுப்பதற்குள் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்று போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது. நூல் ஓரிடம், துணி நெய்வது ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டுவது ஓரிடம், படம் அச்சடிப்பது ஓரிடம், தைப்பது ஓரிடம். இடையிலே அதற்குக் கால் கிடையாது. இசக்கிமுத்து மாதிரி ஆட்கள்தான் கால். சீட்டுக்குப் பின்னால் இரும்புக் கேரியர் அடித்து, அதில் இரண்டு மூட்டை, டேங்க் மேலே ஒரு மூட்டை, நடுவே மிச்சம் இருக்கிற இடத்தில் மனிதர் உட்கார்ந்து போவார்.

இருபத்திரண்டு நிமிஷக் கதை பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. ஒரு ஷிப்மென்ட் நாள். வீரபாண்டியில் துணி வெளுத்துச் சாயம் போடுகிற டையிங்கிலிருந்து வெள்ளைத் துணி வரவேண்டும், பெருமாநல்லூர் யூனிட்டில் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இசக்கிமுத்துவின் மனைவி அனுசுயா அதே கம்பெனியில் செக்கிங். வெள்ளையிலும் நாலு வெள்ளை உண்டு என்பதால் பார்த்து வாங்கி வரச்சொல்லி அவளையும் கூட அனுப்பினார்கள். திரும்பும்போது டேங்க் மேலே ஒரு மூட்டை, பின்னால் அனுசுயா, அவள் மடியில் ஒரு மூட்டை. மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்ததால் அவளுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.

வழியில் ஒரு வேகத்தடை. இசக்கிமுத்து பிரேக் போட்டார், முழுதாகப் போடவில்லை. அதற்குப் பிறகு வண்டி திடீரென்று நன்றாக இழுத்தது. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். கம்பெனி கேட்டில் வந்து நின்றார். வாட்ச்மேன் மணியன் கேட் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு, டையிங்கில் கிளம்பிய நேரம் போட்டிருந்த சீட்டையும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். இருபத்திரண்டு நிமிஷம். ஊருக்குள் புகுந்து வருகிற அந்தப் பாதையில் முக்கால் மணிக்குக் குறைந்து யாரும் வந்ததில்லை. பிறகுதான் மணியன் கேட்டார்: "ஏனுங்க, ஊட்டுக்காரம்மாவ எங்கீங்க?"

இசக்கிமுத்து திரும்பிப் பார்த்தார். பின்சீட் காலியாக இருந்தது.

வந்த வழியே வண்டியை விரட்டிக்கொண்டு போனார். வேகத்தடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் அனுசுயா உட்கார்ந்திருந்தாள். மூட்டை மடியிலேயே இருந்தது. முழங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. அந்தக் கையை மட்டும் மூட்டையை விட்டுத் தள்ளி நீட்டி வைத்திருந்தாள். பெஞ்சைச் சுற்றி நாலு பேர். இசக்கிமுத்து வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்:

"துணியில ரத்தம் பட்டுட்டா?"

"படல" என்றாள் அனுசுயா.

மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு தையல். அன்றோடு அவர் வண்டியில் ஏறுவதை நிறுத்தினாள். சண்டை போடவில்லை, அழவில்லை, ஊரில் யாரிடமும் சொல்லி மானத்தை வாங்கவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். கல்யாணம், கருமாதி, ஸ்கூல் மீட்டிங் எதுவானாலும் அவள் பஸ்ஸில் வருவாள், இவர் வண்டியில் வந்து வாசலில் நிற்பார். அதற்குள் கம்பெனியில் இருபத்திரண்டு நிமிஷம் பெரிய பேராகிவிட்டது. பெண்டாட்டி விழுந்த பாகத்தை மணியன் நாகரிகமாக விட்டுவிட்டார், இசக்கிமுத்துவும் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நேரம். கம்பெனி வேன் அவர்கள் தெருவுக்குள் வராது. அனுசுயா கால்மணி நேரம் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் வேன் ஏறுவாள். முன்பு அது பெரிதாகத் தெரியவில்லை. போன வருஷத்திலிருந்து அவளுக்கு மூட்டுவலி. நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாள். அதே பாதையில் அவளைத் தாண்டி வண்டியில் போகிறபோது இசக்கிமுத்துவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அது தினமும் வலித்தது. நாலைந்து தடவை வண்டியை நிறுத்தி "ஏறுளா" என்று சொல்லிப் பார்த்தார். "போங்க, நேரமாவுது" என்று அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் முதலாளி மகன் கதிர்வேல் ரேஸ் ட்ராக் பேச்சைக் கொண்டுவந்தான். இருபத்தைந்து வயதுப் பையன், ஏற்றுமதி பார்த்துக்கொள்கிறான், விலை சொன்னால் நமக்கு மயக்கம் வருகிற ஒரு பைக் வைத்திருக்கிறான். கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ட்ராக்கில் புது ஆட்களுக்கென்று ஒருநாள் பயிற்சி. அவனும் நண்பனும் பெயர் கொடுத்திருந்தார்கள். நண்பனுக்கு டெங்கு.

"இசக்கிண்ணா, நீங்க வாங்க. உங்களுக்கென்னங்க, வண்டியிலேயே பொறந்தவரு. அங்க வர்றவனுக எல்லாம் நீங்க ஓட்டறத வாயப் பொளந்துட்டுப் பாப்பானுக" என்றான்.

வீட்டில் வந்து சொன்னார். அனுசுயா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வயசு நாப்பத்திநாலு ஆச்சு. இப்பப் போயி ரேஸா?"

"ரேஸ் இல்லளா, பயிற்சி. ஓட்டுறத நேரம் பாத்து, பேப்பர்ல எழுதிக் குடுப்பாவ."

"அப்ப நல்லது. நீங்க நல்லா வண்டி ஓட்டுதியன்னு எவனாவது எழுதிக் குடுத்தான்னா கொண்டாங்க. அன்னைக்கு ஏறுதேன் உங்க பின்னால."

அவள் கேலிக்குச் சொன்னது. இசக்கிமுத்து அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'ஏறுதேன்' என்று ஒரு வார்த்தை வந்திருக்கிறது. அந்தப் பேப்பரை வாங்கிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ட்ராக்கில் இருந்தார். வண்டி அவருடையதுதான், நூற்றைம்பது சிசி. கதிர்வேல் முந்தின நாளே சொல்லியிருந்தபடி கண்ணாடி, நம்பர் பிளேட், சேலை மாட்டாமல் இருக்க அடித்த கம்பி, கேரியர் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார். லைட்டுகள் மேலே டேப் ஒட்டியிருந்தார். அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற கம்பெனி டேப், வரிசையாகக் கம்பெனி பேர் அச்சடித்தது. எல்லாம் சரி. வண்டிகளைச் சோதிக்கிற இடத்தில் இருந்த ஆள் பின்சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்னங்க?"

"வேஸ்ட்டுங்க."

பனியன் வேஸ்ட். வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி, பதினைந்து கிலோ, சாக்கில் அடைத்து நைலான் கயிற்றால் பின்சீட்டில் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இத எதுக்குங்க கொண்டாந்தீங்க?"

"வெயிட்டுக்குங்க. காலி வண்டி திருப்பத்துல பின்னால குதிக்கும். ஆடும். பதினஞ்சு கிலோ வச்சா அப்படியே படுத்து நிக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்துவிட்டு, பிறகு அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்டான். சோதனைக்காரர் சிரிக்கவில்லை, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். இசக்கிமுத்து அவிழ்த்து மூட்டையைச் சுவரோரம் இறக்கி வைத்தார். வண்டியில் மறுபடி ஏறி உட்கார்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் காலி வண்டி ஓட்டியதே கிடையாது. ஒரு யூனிட்டில் இறக்கினால் அங்கேயே வேறு ஏதாவது ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும்போதுகூட மறுநாள் காலைக்கான மூட்டை இருக்கும்.

கதிர்வேல் நண்பனுடைய தோல் உடுப்பைக் கொண்டுவந்திருந்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துண்டு. திருப்பூர்க்காரர் கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதல் வேலையாக உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பார். இசக்கிமுத்துவும் புரட்டிப் பார்த்தார். "டபுள் ஸ்டிச்சு. நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்று பாஸ் பண்ணினார். அதற்குள் அவரை நுழைப்பதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நிமிர்ந்து நின்றால் கழுத்தைப் பிடித்தது, குனிந்தால் சரியாக இருந்தது.

பயிற்சி கொடுப்பவர் பெயர் வேல்குமார். ஐம்பது வயது, ஒல்லி, ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். போர்டில் ட்ராக்கை வரைந்து சொன்னார்: முன்னால் போகிறவருக்கு முன்னால் இருப்பதைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. முந்துகிறவர்தான் பார்த்து முந்த வேண்டும். யாருக்கும் வழி விட வேண்டாம், கை காட்ட வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம். ட்ராக்கின் முழு அகலமும் உங்களுடையது.

இசக்கிமுத்து ஒரு கேள்வி கேட்டார்: "இது எங்கங்க போய்ச் சேருது?"

"எங்கயும் போகாதுங்க அண்ணா. சுத்திச் சுத்தி இங்கயேதான் வரும்."

"ஓஹோ" என்றார் இசக்கிமுத்து.

முதல் ஓட்டம். பதினெட்டு வண்டி. கொடி அசைந்ததும் இசக்கிமுத்து நன்றாகத்தான் கிளம்பினார். முதல் வளைவில் எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை, ஆகையால் ஹாரன் அடித்தார். எதிரே யாரும் வரமாட்டார்கள் என்பது மண்டைக்குத் தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியாது. இரண்டாவது வளைவிலும் அடித்தார். கொடி பிடித்துக்கொண்டு நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் பெரிய வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இடது ஓரத்துக்கு ஒதுங்கி 'போங்க' என்று கையைக் காட்டினார். எல்லோரும் போனார்கள். கோயம்புத்தூர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி மூன்று தடவை போனாள். கண்ணாடி இருந்த இடத்தை அவர் அடிக்கடி பார்த்தார். அங்கே கண்ணாடி இல்லை.

இரண்டாவது ஓட்டத்தில் ஹாரனை விட்டார். வேகத்தைக் கூட்டினார். கூட்டியதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். பெயர், ஒரு சுற்றுக்கு எடுத்த நேரம், இடம். கதிர்வேல் ஒன்பதாவது. இசக்கிமுத்து பெயரை மேலேயிருந்து தேடத் தொடங்கினார். நாலாவது, ஐந்தாவது வரைக்கும் நிதானமாகத் தேடினார். பிறகு விரல் வேகமாகக் கீழே போனது. பதினெட்டாவது. பதினேழாவதாக இருந்தவர் நடுவில் ஒரு தடவை மண்ணுக்குள் இறங்கிவிட்டு, வண்டியைத் தள்ளி மேலே ஏற்றி மறுபடி ஓட்டியவர். அவரே இவரைவிட ஒன்பது விநாடி முன்னால் இருந்தார்.

இசக்கிமுத்துவுக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. இருபத்தாறு வருஷம் சோறு போட்டது இந்த ஒரு திறமை. தையல் வராது, செக்கிங் வராது, அது அவருக்கே தெரியும்; வண்டி வரும் என்பதில் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. போன் அடித்தது. அனுசுயா.

"விழுந்தியளா?"

"இல்ல."

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

"சரி" என்று வைத்துவிட்டாள். எத்தனாவது என்று கேட்கவில்லை.

மதியம் வேல்குமார் அவரைத் தனியாக அழைத்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? பின்னால என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்களே. காலைலயே அவுத்துட்டனுங்க."

"நானும் நாலு சுத்து பின்னாலயே வந்து பாத்தனுங்க. ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி எடம் விட்டே போறீங்க. பிரேக்கு முட்டை உடையாத மாதிரி புடிக்கறீங்க. வண்டிய சாய்க்கவே மாட்டேங்கறீங்க, சாஞ்சா எதோ கீழ உழுந்துரும்ங்கற மாதிரி. மூட்டை இல்லீங்கண்ணா. உழுறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க மட்டுந்தான்."

இசக்கிமுத்து தலையை ஆட்டினார். வெட்கமாக இருந்தது. திருப்பூரில் சாக்கடையோரச் சந்துகளில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து போகும்போது வேகம் என்று அவர் நினைத்திருந்தது வேகம் இல்லை போலிருக்கிறது. அது நிற்காமல் போவது. மற்றவர்கள் நிற்கிற இடத்தில் இவர் நிற்கமாட்டார், அதுதான் மொத்த வித்தை. இங்கே நிற்கிறவர்கள் யாரும் இல்லை.

கடைசி ஓட்டத்தில் வேல்குமார் முன்னால் போக, இவர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார். ஐந்தாவது சுற்றில் ஒரு நீண்ட வலது வளைவில் வேல்குமார் சாய்ந்தார், இவரும் அறியாமல் சாய்ந்தார். தரை பக்கத்தில் வந்தது. பின்னால் எதுவும் குதிக்கவில்லை, எதுவும் விழவில்லை. வண்டி அழகாகச் சுற்றி வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்குள் இசக்கிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மூட்டை இல்லை, காத்திருக்கிற யூனிட் இல்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று போன் இல்லை. இத்தனை சந்தோஷம் இதில் இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த வளைவில் பழையபடி ஒன்றரை அடி விட்டுத்தான் போனார். ஆறு விநாடி குறைந்திருந்தது. இடம் பதினெட்டுதான்.

சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழும், நேரம் எழுதிய தாளும் கொடுத்தார்கள். சான்றிதழில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் இருந்தது. நன்றாக ஓட்டுகிறார் என்று எந்த இடத்திலும் இல்லை. இசக்கிமுத்து முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அனுசுயா தோசை வார்த்துப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. தாள் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குள் நுழைந்தால் கைதட்டல். கதிர்வேல் முந்திக்கொண்டிருந்தான். நல்ல மனசுக்காரப் பையன், ஆனால் நல்ல மனசுக்காரர்கள் செய்கிற காரியத்துக்கு எல்லை கிடையாது. "இசக்கிண்ணன் பிச்சு உதறிட்டாருங்க. கோயமுத்தூர்க்காரனுக மிரண்டுட்டானுக" என்று கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டான். டீ நேரத்தில் மணியன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இல்லண்ணே, நான் கடைசி" என்றார் இசக்கிமுத்து.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"சத்தியமாச் சொல்லுதேன், பதினெட்டுப் பேர்ல பதினெட்டாவது."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "பாத்தீங்களா, பெரிய ஆளுக எல்லாம் இப்படித்தானுங்க, தன்னச் சொல்லிக்கவே மாட்டாங்க" என்றார் மணியன். முதலாளி திருமூர்த்தி கண்ணாடி ரூமிலிருந்து எட்டிப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். சும்மா இருந்தால் பேர் அப்படியே இருக்கும். தாள் பையில் இருப்பது அவருக்கும் கதிர்வேலுக்கும்தான் தெரியும்.

செக்கிங் பக்கம் பார்த்தார். டியூப் லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை, அனுசுயா ஒரு டீ-சர்ட்டைக் கையைவிட்டு உள்பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஊட்டுக்காரர் கலக்கிவிட்டாராம் என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். அனுசுயா சிரிக்கவில்லை. அந்த முகம் இசக்கிமுத்துவுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக இருபத்திரண்டு நிமிஷம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வருகிற முகம்.

அவர் எழுந்து போய் மேஜை மேல் தாளை விரித்து வைத்தார்.

"எழுதி வாங்கிட்டு வரச் சொன்னேல்லா. இதுதான் எழுதிக் குடுத்தாவ."

அனுசுயா கையிலிருந்த டீ-சர்ட்டை வைத்துவிட்டுத் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அவள் கண்ணுக்கு ஊசிமுனை ஓட்டை தப்பாது. மேலேயிருந்து கீழே வரிசையாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். அங்கே இருந்த நேரத்தை மேலே இருந்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"கடைசியாவா வந்திய?"

"ஆமா."

"யாரும் விழுந்து எந்திச்சிருந்தா அவுக கூட முன்னாலயா?"

"ஆமா. பயந்து பயந்து ஓட்டுதேனாம். பின்னால யாரோ உக்காந்திருக்க மாதிரி ஓட்டுதேனாம்."

அனுசுயா அவரை ஒருதடவை பார்த்தாள். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு டீ-சர்ட்டை மறுபடி எடுத்தாள். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டதால் இசக்கிமுத்து திரும்பிவிட்டார். தன் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்றுதான் அன்று முழுக்க நினைத்தார். பின்சீட்டிலேயே மூட்டையைக் கட்டி வீரபாண்டிக்கு இரண்டு நடை போய் வந்தார், எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அனுசுயா சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தாள். வழக்கமாக அப்படியே தெருவில் இறங்கி நடப்பவள், வண்டிப் பக்கத்தில் நின்றாள். ட்ராக்கிலிருந்து வந்து இவர் இன்னும் கேரியரை மாட்டவில்லை.

"பைய எங்கன மாட்ட?" என்றாள்.

இசக்கிமுத்து பையை வாங்கி முன்னால் கொக்கியில் மாட்டினார். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, வலிக்கிற காலை மெதுவாகத் தூக்கி வைத்து ஏறினாள். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தாள். அந்தக் கையில் முழங்கைப் பக்கம் சட்டையின் மடிப்புபோல ஒரு தழும்பு உண்டு. அவர் அதைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

மெயின் ரோட்டில் கம்பெனி வேன் பின்னால் வந்தது. ஹாரன் அடித்தது. பிறகு தாண்டியது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. "இருபத்திரண்டு நிமிஷத்தப் பாருங்கடோய்! வேன்கிட்ட தோத்துட்டாரு!" என்று ஒருத்தன் கத்தினான். மொத்த வேனும் சிரித்தது. இசக்கிமுத்துவின் வலதுகை தானாகத் திருகப் பார்த்தது. முன்னால் ரோடு காலியாகத்தான் இருந்தது, இரண்டே விநாடியில் அந்த வேனைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கலாம். தோளில் இருந்த விரல்கள் கொஞ்சம் இறுகின. அவர் கையைத் தளர்த்திக்கொண்டார். வேன் போய் மறைந்தது.

சற்றுத் தூரத்தில் ஒரு வேகத்தடை வந்தது. இந்தத் தடவை பிரேக்கை முழுதாகவே போட்டார். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கியாளா?"

"இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."